மூன்று வால்வுப் பெட்டி

மார்ச் 4

ரிப்பேர்க் கடைக்காரருக்கு,

இருபத்திரண்டு வருடமாக உங்களை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். இன்று பேனாவை எடுத்தால் அந்தச் சொல் வரவில்லை.

அவர் போய் இன்றோடு நாற்பத்தாறு நாள். நீங்கள் வரவில்லை. நான்கு முறை போன் செய்தீர்கள், நான் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். இங்கே சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் சொல்லுங்கள்.

ஜனவரி பதினேழு, மதியம் மூன்று மணி. மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று அவருக்கு அரை நாள்தான் வேலை. சாப்பிட்டுவிட்டு நடு அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நீங்கள் கொடுத்த அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் கிட்டாரை மாட்டினார். நான் சமையலறையில் இருந்தேன். ஒரு பாட்டும் வரவில்லை. ‘உர்ர்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. “அதைக் கொஞ்சம் குறைங்களேன்” என்று உள்ளே இருந்தபடியே சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அப்புறம்தான் போய்ப் பார்த்தேன்.

போலீஸ்காரர் மின்சாரம் தாக்கிய விபத்து என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இவ்வளவு பழைய சாமானையெல்லாம் வீட்டுல வெச்சுக்கலாமாம்மா?” என்று கேட்டார். பதில் உங்களிடம்தான் இருக்கும்.

ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பெட்டி ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

— அவர் மனைவி

*

மார்ச் 9

தங்கச்சிக்கு,

தெரியும்.

நீ கேட்டதற்கு அந்த ஒரு சொல்லே போதும். ஆனாலும் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேசத் தெரிந்த அளவு எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்.

போன வருடம் ஒரு பழைய இசைப் பள்ளியைக் காலி செய்தபோது ரேடியோ, மைக், ஒயர் என்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி என் கடையில் இறக்கினார்கள். அடியில் இந்தப் பெட்டி கிடந்தது. தையல் மெஷின் மூடி அளவுதான் இருக்கும். பழுப்புத் துணி ஒட்டிய மரம், முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர், பின்னால் பல்பு மாதிரி மூன்று வால்வு, திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ். கிட்டார் கற்றுக்கொள்கிறவர்களுக்காக மலிவாகச் செய்து விற்றது. எங்கள் இரண்டு பேரை விடவும் அதற்கு வயது அதிகம்.

அடுத்த மாதம் அவன் ரயிலேறி என்னைப் பார்க்க வந்தான். வந்தவன் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தான்.

நீ அதை இருமுகிற பெட்டி என்பாயாம். அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, ஆனால் நான் சொல்ல வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு மேடை வேண்டும். வீட்டில் அதைக் கால்வாசி திறந்தாலே ஜன்னல் ஆடும், கால்வாசியிலோ அதற்கு உயிரே வராது. தூக்கத்தில் பேசுகிற ஆள் மாதிரி ஏதோ முனகும். இந்தச் சின்னப் பெட்டி அப்படியில்லை. குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாலும் இரண்டு பேர் வாக்குவாதம் செய்கிற சத்தம்தான் வரும். ஆனால் அதற்குள் தன்னிடம் இருக்கிறது எல்லாவற்றையும் கொட்டிவிடும். கம்பியை மெல்லத் தொட்டால் தெளிவாகப் பேசும். அழுத்தித் தட்டினால் தொண்டை கம்மி, அழப்போகிறவன் குரல் மாதிரி ஆகிவிடும்.

நாலு தட்டு தட்டிவிட்டு, ஈயம் பற்றவைக்கிறவன் என்று எனக்கு வைத்த பட்டப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்: “டேய் சாலிடர், இதை வெச்சுக்கிட்டா எங்க வீட்டுச் சுவத்துக்குள்ளயே நான் முழு வாயைத் திறந்து கத்தலாம்டா. ஒருத்தனும் வந்து கதவைத் தட்ட மாட்டான்.”

நான் சொன்னேன்: “இதுல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாதுடா. காசு மிச்சம் பிடிக்க வெக்காம விட்டுட்டான். சுவத்துல இருந்து வர்ற கரண்ட் நேரா உள்ள வருது. உன் கிட்டார் கம்பிக்கும் அதுக்கும் நடுவுல கரண்டைத் தடுக்க ஒரு கிழட்டுக் கண்டன்சர்தான் இருக்கு. ரெண்டு நாள் குடு, தனியா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மாட்டித் தர்றேன்.”

“மாட்டினா சத்தம் மாறிடும்.”

“மாறாதுடா.”

“நீ ரிப்பேர்காரன், உன் காதுக்கு மாறாது. என் காதுக்கு மாறும். உள்ள கையே வெக்காத.”

முப்பது வருட நட்பு. பெட்டியைக் கொடுத்து அனுப்பினேன். கொடுத்திருக்கக் கூடாது. ஒயரை வெட்டி எறிந்திருக்க வேண்டும். என்னைப் பத்து நாள் திட்டியிருப்பான், அவ்வளவுதான்.

நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வந்தேன். உங்கள் தெருமுனை வரைக்கும் வந்தேன். வாசலில் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

— சாலிடர்

*

மார்ச் 15

ரிப்பேர்க் கடைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி எப்படி அழும் என்றெல்லாம் எழுதத் தெரிந்த உங்களுக்கு அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

நான் ஆஸ்பத்திரி மருந்துக்கடை ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் சீட்டில் அளவு தப்பாக இருந்தால் மருந்தைக் கொடுக்க மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். ஒருவர் என் மேல் காகிதத்தைச் சுருட்டி எறிந்திருக்கிறார். டாக்டரிடம் திருத்தி வாங்கி வரும் வரைக்கும் கொடுக்க மாட்டேன். கெஞ்சுகிறவர் எனக்கு வேண்டப்பட்டவராக இருந்தால் இன்னும் கறாராக இருப்பேன். நட்பு என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இத்தனையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். மறுபடியும் திறக்கிறேன். யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மகளிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது எனக்கே ஆச்சரியம்தான். பொய் சொல்லாமல் பதில் சொல்லக்கூடிய ஆள் வேறு யாரும் எனக்கு இல்லை.

அன்றைக்கு நான் தரையைத் துடைத்தேன். சனிக்கிழமை மட்டும்தான் எனக்கு நேரம். வாசித்து முடித்ததும் எப்போதும் அவரே அலமாரியில் எடுத்து வைத்துவிடுகிற பெட்டி அன்றைக்கு வழியில் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை நகர்த்தி, துடைத்துவிட்டு, திரும்ப வைத்துச் சொருகினேன். அவர் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்று, “முடிஞ்சுதா? முடிஞ்சுதா?” என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். “காயட்டும், அப்புறம் போங்க” என்றேன். காத்திருக்கவில்லை. செருப்பில்லாமல் ஈரத்தில் நடந்து போய் உட்கார்ந்தார். அவர் காலடித் தடம் இரண்டு, தரையில் தெரிந்தது. சாயங்காலம் வரைக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன், அது உண்மையாக இருக்க முடியாது.

தரை காய்ந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்.

— அவர் மனைவி

*

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் வேலை அதிகம்.

தரை காரணமில்லை. காய்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அந்தக் கண்டன்சர் அன்றைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நீ செய்த எதனாலும் எதுவும் ஆகவில்லை. இதை நீ இனி யோசிக்கவே வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

— சாலிடர்

*

ஏப்ரல் 10

உங்களுக்கு,

உங்கள் நாலு வரி வந்த அன்று எட்டு மணி நேரம் தூங்கினேன். ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. உங்கள் மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். அவளுக்கு அப்பாவின் விரல்கள். நகத்தை வெட்டியிருக்கிறாள், அதாவது கிட்டார் வாசிக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. நேற்று அலமாரியின் அடித்தட்டிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கத்தப் போகிறேன் என்று நினைத்து முன்கூட்டியே பேச ஆரம்பித்தாள்: “அம்மா, நான் ஆன் பண்ண மாட்டேன். ஆனா இதைத் தூக்கிப் போட்டுடாத. அப்பா ஒருநாள்கூட இது இல்லாம இருந்ததில்ல. என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு, ‘கேளு, இப்ப சிரிக்குது, இப்ப கோச்சுக்குது’ன்னு சொல்லுவாரும்மா.”

எனக்கு இது தெரியாது. நான் அந்த நேரத்தில் எப்போதும் சமையலறையில்தான் இருந்திருக்கிறேன்.

அவள் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிளக்கையும் துடைத்தாள். அதன் ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது. துடைத்தால் போகவில்லை. “இது என்னம்மா?” என்று கேட்டாள். உங்களைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

*

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

அது கம்பெனிக்காரன் வைக்கிற அடையாளம். பழைய சாமான்களில் இருக்கும். ஒன்றுமில்லை.

பெட்டியை யாரும் ஆன் செய்ய வேண்டாம். எனக்குப் பார்சல் அனுப்பிவிடு. பிள்ளைக்கு நல்லதாக, புதிதாக ஒன்று நான் வாங்கித் தருகிறேன்.

— சாலிடர்

*

மே 3

ரிப்பேர்க் கடைக்காரருக்கு,

எங்கள் ஆஸ்பத்திரியில் மின்சார வேலை பார்க்கிற ஒருவர் இருக்கிறார். பெட்டியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். பிளக்கைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார்.

“கம்பெனி வெச்சதா? இது சமீபத்துல வெச்ச பெயின்ட்டுங்க மேடம். ரெண்டு கால் பிளக்கு, எப்படி வேணா போகும். ஒரு பக்கமா சொருகினா கிட்டார் கம்பியில கரண்ட் வராது, இன்னொரு பக்கமா சொருகினா வரும். எந்தப் பக்கம் மேல இருக்கணும்னு யாரோ விவரம் தெரிஞ்ச ஆள் அடையாளம் பண்ணி வெச்சிருக்கார்.”

விவரம் தெரிந்த ஆள்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான்தான் பிடுங்கினேன். நான்தான் சொருகினேன். ஒன்பது மாதம் அவர் தன் கையால் மட்டும் சரியாகச் சொருகிவந்ததை, ஒரு சனிக்கிழமை நான் தலைகீழாகச் சொருகியிருக்கிறேன். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராது. நான் பார்க்கவே இல்லையே.

மார்ச் மாதம் நான் எழுதியதைப் படித்தவுடனே உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் ‘கடையில் வேலை அதிகம்’ என்று எழுதினீர்கள்.

மாத்திரை அட்டையில் நான் புள்ளி வைப்பதில்லை. எழுதுவேன். ‘காலை ஒன்று, சாப்பிட்ட பிறகு’ என்று எழுதுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுப்பேன். கூட வந்தவரையும் கூப்பிட்டுச் சொல்லுவேன். நீங்கள் ஒரு உயிருக்கு ஒரு புள்ளி வைத்தீர்கள்.

அவரும் சொல்லவில்லை. கடையில் யாருக்குக் கண்ணில் எவ்வளவு பவர் ஏறியிருக்கிறது என்பது முதல் தினமும் வந்து சொல்கிற மனிதர், இதை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று தெரியும். சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பெட்டியைத் தெருவில் வைத்திருப்பேன். அதற்காக என்னிடமிருந்து மறைத்தார். இறந்துபோனவர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அவரையே திட்டுகிறேன்.

பெட்டியை அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குச் செய்யாததைச் செய்யுங்கள். இந்த முறை உண்மையை எழுதுங்கள். எல்லாவற்றையும்.

*

மே 21

தங்கச்சிக்கு,

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தில் ‘திரும்ப வைத்துச் சொருகினேன்’ என்ற இடத்துக்கு வந்ததும் கடையை மூடிவிட்டேன். பூட்டைப் போட்டுவிட்டு எங்கே போனேன் என்று ஞாபகமில்லை. அந்த ‘உர்ர்’ சத்தத்தைப் பற்றி நீ முதலில் எழுதியபோதே பிளக் தலைகீழாக இருந்திருக்கும் என்று சந்தேகப்பட்டேன். ஆனால் அவனேதான் அவசரத்தில் மாற்றிச் சொருகியிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்று தெரிந்ததும் இரண்டு வாரம் ஒரு வரி எழுத முடியவில்லை. பிறகு பொய் எழுதினேன். நீ தூங்கினேன் என்று எழுதியதும், செய்தது சரிதான் என்று நினைத்தேன். உனக்காகத்தான் பொய் சொன்னேன் என்றால் அது பாதிதான். அந்தப் புள்ளியை வைத்தது நான் என்று நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் இருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கண்டன்சர் முழுதாகச் செத்துக் கிடந்தது. சட்டைப் பொத்தான் அளவு சாமான். அது நல்லதாக இருந்திருந்தால் பிளக் எந்தப் பக்கம் இருந்தாலும் கையைச் சுருக்கென்று குத்திவிட்டு விட்டிருக்கும். என் மேஜை இழுப்பறையில் அது மாதிரி ஐம்பது கிடக்கிறது. ‘உள்ள கையே வெக்காத’ என்றான், நானும் வைக்கவில்லை. பதிலுக்குத் தூரிகையை எடுத்து ஒரு புள்ளி வைத்தேன். “சிவப்பு மேல இருக்கணும், மறந்துடாத” என்று மூன்று தடவை சொன்னேன். அவனிடம் சொன்னேன். வீட்டில் தரை துடைக்கிறது யார், துடைக்கும்போது பிளக்கைப் பிடுங்குகிறது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

தரையைப் பற்றிக் கேட்டாய். காய்ந்த தரையாக இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். சாகவும் செய்திருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இதுதான் உண்மை.

புதுக் கண்டன்சர் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினேன். அந்த ரெண்டு கால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு மூன்று கால் பிளக் போட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. வெறும் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சாக்கின் மேல் நின்று சோதித்தேன். ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் என் கடைக் கிட்டாரை மாட்டி அவனுக்குப் பிடித்த மாதிரி அழுத்தித் தட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் கேட்கத் தெரியும். சத்தம் மாறவில்லை, தங்கச்சி. கொஞ்சம்கூட மாறவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பிளக்கைப் பற்றிப் பிள்ளையிடம் சொல்லிவிடாதே. அவளுக்கு இருபது வயது. நம் இரண்டு பேரோடு போகட்டும். என்னைத்தான் குறை சொல்லட்டுமே, அதில் ஒரு தப்பும் இல்லை.

— சாலிடர்

*

ஜூன் 16

அண்ணா,

பெட்டி பத்திரமாக வந்தது. இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், நீங்கள் கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பார்சலைப் பிரிக்கும்போதே கேட்டாள்: “இப்ப சேஃபாம்மா? அப்ப முன்னாடி என்னதான் ஆச்சு?” முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் எனக்குச் சொன்ன மாதிரி நாலு வரி சொல்லியிருக்கலாம், அவளும் தூங்கியிருப்பாள். பிறகு ஒருநாள் யாராவது ஒருவர் ஸ்டூலில் உட்காரவைத்து அவளுக்குச் சொல்லியிருப்பார். அந்த ஸ்டூல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து சொன்னேன். கண்டன்சர், புள்ளி, அப்பா என்னிடம் சொல்லாதது, ஈரத் தரை, எல்லாம். பிளக்கைச் சொருகியது நான் என்றும் சொன்னேன். “எந்தப் பக்கம்னு நான் பாக்கலம்மா” என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

அவள் அழவில்லை. எழுந்து போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள். இன்னும் நான்கு நாள் இருப்பதாகச் சொல்லியிருந்தவள். “அங்க கொஞ்சம் வேலை இருக்கு” என்றாள், என்னைப் பார்க்காமல். நான் தடுக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். பையை ஒரு கைப்பிடி அவளும் ஒரு கைப்பிடி நானுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். பெட்டியை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

பதினேழு நாள் போன் இல்லை. நான் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன், நான் எடுக்காமல் விட்ட அந்த நான்கு முறையை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன், வரவில்லை. என்னையும் அவரையும் முதலில் மன்னிக்க வேண்டும், வரிசையில் நீங்கள் மூன்றாவது ஆள். ஆனால் அடுத்த தடவை தெருமுனையோடு திரும்பிப் போகாதீர்கள். வாசல் வரைக்கும் வாருங்கள். திட்டுவதென்றாலும் எதிரில் ஆள் இருந்தால் நல்லது.

நேற்று மதியம் மகளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல், தட்டுகள் மோதிக்கொள்கிற சத்தம். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று பேசுகிறாள் போலிருக்கிறது. எடுத்தவுடனே கேட்டாள்:

“சாப்டியாம்மா?”

“சாப்டேன்” என்றேன்.

“சரி. அப்புறமா பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்டிருக்கவில்லை. போனை மேஜையில் வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு வந்து, நடு அறையில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

— தங்கச்சி